ஆறு பாட்டில் குற்றாலத் தண்ணீர்

இந்த ஊரில் தாகம் என்று தண்ணீர் கேட்டால் உடனே கொடுத்துவிட மாட்டார்கள். குமிழி போட்டதா, போடாததா என்று ஒரு கேள்வி வரும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் என் மகள் செண்பகம் அழைத்துப்போன ஒரு வீட்டில், விளங்காமல் தலையை ஆட்டிவைத்தேன். குமிழித் தண்ணீரைக் கொடுத்துவிட்டார்கள். தொண்டைக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. தண்ணீருக்குள்ளேயே எதையோ ஏற்றி விற்கிறவர்கள் வேறு எதைத்தான் செய்ய மாட்டார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். நாலு வருஷமாகியும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கெட்டிலின் அடியில் சுண்ணாம்பாகப் படிகிறது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்கிறாள் செண்பகம். ஒன்றும் செய்யாதது எதற்கு அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது? நான் சாரல் நாளில் குற்றாலத்துப் பாறையில் இறங்கி, ஓடுகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தவள். மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர் அது. அதைவிட நல்ல தண்ணீர் உண்டு என்று யாராவது சொன்னால், சொன்னவர் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்ப்பேன்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். நீ சொல்லு, நான் எழுதித் தாரேன் என்றாள் மகள். வேண்டாம் என்றுவிட்டேன். இதில் ஒரு தப்பு வருகிறது. தப்பு என்னுடையது, எழுத்தும் என்னுடையதாகவே இருக்கட்டும்.

செண்பகத்துக்கு இங்கே கிருமியோடுதான் வேலை. அந்தக் கிருமியின் பேர் புரோஸ்தெகோபாக்டர். இதைச் சொல்லிப் பழக எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. நோய் கொடுக்கிற கிருமி இல்லையாம். குளத்திலும் ஓடையிலும் அதுபாட்டுக்குக் கிடக்குமாம். அதுபாட்டுக்குக் கிடக்கிற ஒன்றைச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துப் பார்ப்பார்களா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் கம்ப்யூட்டரில் அதன் படத்தைக் காட்டினாள். நூல் சுற்றிய கதிர் மாதிரி நடுவில் பருத்து, முனையில் மெலிந்து கிடந்தது.

"எம்மா, நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குழல் குழலா ஒரு சட்டம் இருக்கு. டியூபுலின்னு ஒரு புரதத்தால கட்டுனது. அதுதான் செல்லைத் தாங்குது, உள்ள இருக்க சாமானை அங்கன இங்கன கொண்டுபோகுது."

"உத்திரம் மாதிரியா?"

"உத்திரம்னே வச்சுக்கோ. மத்த கிருமிகள்ட்ட இருக்கது இதுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். இந்தக் கிருமி இருக்காளே, இவகிட்ட கிட்டத்தட்ட நம்ம உத்திரமே இருக்கு. நம்ம குழல்ல பதிமூணு இழை வட்டமா நிக்கும். இவளுக்கு நாலே நாலு. சின்ன வீடு, சின்ன உத்திரம்."

"ஏட்டி, அடுத்த வீட்டு உத்திரம் இவ வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு? கேட்டு வாங்குனாளா, கேக்காம எடுத்தாளா?"

"அதைத்தான் நாங்களும் கேக்கோம். எப்பவோ வேற எங்கிருந்தோ வந்ததுன்னு கொஞ்சம் பேர் சொல்லுதாவ. ஆதியிலயே அவகிட்ட இருந்ததுன்னு கொஞ்சம் பேர் சொல்லுதாவ. இவ வம்சத்துலயே ஒருத்திக்கு அந்த உத்திரம் கிடையாது."

"அப்ப எடுத்ததுதான்" என்றேன். செண்பகம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என் கேள்வி வேறு. தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் காலமான பிறகு, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் மகள் என்னை இங்கே கூட்டிவந்தாள். எப்போதடி திரும்பப் போகிறோம் என்று கேட்டால் "பார்ப்போம்மா" என்பாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளோடு வேலை செய்கிற ஊட்டா என்கிற அம்மாள் வீட்டுக்கு வருவாள். நல்ல உயரம், குட்டைத் தலைமுடி, என்னைக் கண்டால் கைகூப்பத் தெரியும். இருவரும் ஜெர்மனில் பேசிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் தென்காசி என்ற பேர் காதில் விழும், வீடு என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல்லும் விழும். நான் காப்பியோடு உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். வீட்டை விற்கப் பார்க்கிறார்கள், என்னை இங்கேயே வைத்துக் காலத்தைக் கழிக்கப் போகிறார்கள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வேறு என்னவாக இருக்க முடியும்?

போன சாரலுக்கு மூன்று பேருமாக ஊருக்குப் போனோம். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து, குற்றாலத் தண்ணீரில் இந்தக் கிருமி இருக்கிறதா, இருந்தால் அதற்கு அந்த உத்திரம் உண்டா என்று பார்க்கிற வேலை. தண்ணீரை இங்கே கொண்டுவர முடியாது, அங்கே அந்தக் கல்லூரியிலேயே வளர்த்துப் பார்க்க வேண்டுமாம். கல்லூரி லேபில் தினக்கூலிக்கு வேலை செய்கிற இசக்கி, கழுவிச் சுத்தம் செய்த ஆறு பாட்டிலும் ஐஸ் பெட்டியுமாக வந்தார். ஐம்பது வயது ஆள், பேச்சுக்குப் பேச்சு நக்கல். இந்த வருஷமாவது நிரந்தரம் செய்வார்கள் என்று காத்திருந்தவர்.

பழைய குற்றாலத்து அருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஊட்டா அருவிப் பக்கம் திரும்பவே இல்லை. கீழே வெகுதூரம் இறங்கி, பாறை இடுக்கில் வேகம் அடங்கித் தேங்கிக் கிடக்கிற இடத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். ஷாம்பு பாக்கெட் ஒன்று மிதந்து வந்தது. அதை விரலால் தள்ளிவிட்டு, பாறையில் படிந்த வழுக்குப் பாசியைச் சுரண்டித் தண்ணீரோடு பாட்டிலில் பிடித்தாள்.

"இசக்கி, அருவி அங்கன கொட்டுது. இவ எதுக்கு இங்கன உக்காந்து பாசியைச் சுரண்டுதா?"

"அவியளுக்கு இதுதான் வேணுமாம் ஆச்சி. நல்ல தண்ணியைக் காட்டுனா வேண்டாங்காவ."

"நம்ம ஊருக்கு வந்து நம்ம அழுக்கைப் பாட்டில்ல புடிக்கா, பாரு."

"நீங்களும் இங்கன ரொம்ப நேரம் நிக்காதீங்க ஆச்சி. உங்களையும் ஒரு பாட்டில்ல புடிச்சு மூடி போட்டுருவாவ."

ஊட்டா பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள். நம் வீட்டு மூலையில் குப்பையைக் கண்டுபிடித்துவிட்டு நம்மிடமே வந்து சந்தோஷப்படுகிற ஒருத்தியிடம் என்னத்தைச் சொல்ல? முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில்தான் கல்லூரியில் வாங்குவார்கள் என்று பெட்டியை எங்கள் வீட்டு அடுப்படியில் வைத்தார்கள். ஐஸ் மட்டும் மாத்தும்மா, பாட்டிலைத் தொடாத என்று சொல்லிவிட்டு, செண்பகமும் ஊட்டாவும் தென்காசிக் கோயிலைப் பார்க்கப் போனார்கள். நான் ஐஸ் மாற்றத்தான் திறந்தேன். பாட்டில்களில் பாசி, இலைத் தூள், ஒன்றில் புழு மாதிரி ஏதோ நெளிந்தது. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. படித்தவர்கள் பத்துப் பேர் கூடி, இதுதான் குற்றாலத் தண்ணீர் என்று கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள். எழுதி உலகத்துக்கெல்லாம் அனுப்புவார்கள்.

எங்கள் வீட்டில் விருந்தாளிக்குத் தண்ணீரை அப்படியே கொடுத்த வழக்கம் கிடையாது. வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, புளி போட்டுத் துலக்கிய செப்புக்குடத்தில் ஊற்றி, ஒரு பகல் ஒரு ராத்திரி வைத்துத்தான் எடுப்போம். அதையே செய்தேன். ஆறு பாட்டில் தண்ணீரும் குடத்துக்குள் போயிற்று. ஞாயிறு சாயந்திரம் இருவரும் மாடியில் துணி எடுக்கப் போனபோது திரும்ப மொண்டு, பழையபடி ஆறிலும் ஊற்றி மூடினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. காலையில் இசக்கி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக வெற்றிலை போட்டேன். கள்ளத்தனம் செய்ததாக ஒரு துளி நினைப்பில்லை.

இங்கே திரும்பி ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் பகல். நான் புடலங்காய்க் கூட்டு வைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் செண்பகமும் ஊட்டாவும் வீடியோவில் அந்தக் கல்லூரிப் பேராசிரியையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு பாட்டிலிலும் ஒன்றுமே முளைக்கவில்லையாம். அந்தக் கிருமி மட்டும் இல்லை, எந்தக் கிருமியும் இல்லை.

"தேங்குன தண்ணியில உயிரே இல்லாம எப்படி இருக்கும்? பாட்டில்ல ஏதோ இருந்திருக்கு" என்றார் பேராசிரியை. "இசக்கிதான் கழுவுனது. பிளீச்சிங் பவுடர் போட்டுட்டு அலசாம விட்டிருப்பாரு. இதுக்கு மேல அவரை லேப்ல வச்சுக்க முடியாது."

அவருக்குப் பின்னால் இசக்கி நின்றார். நக்கலெல்லாம் எங்கே போயிற்றோ. "சொன்னபடிதான் கழுவுனேன் மேடம். என் புள்ளைக மேல சத்தியமா" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். நான் கொடுத்தனுப்பியது அத்தனை சுத்தமான தண்ணீர், இவர்தான் எதையோ ஊற்றிக் கெடுத்துவிட்டார் என்று கோபம்கூட வந்தது. அப்போது பேராசிரியை இன்னொன்று சொன்னார். தண்ணீரைச் சோதித்ததில் செம்பு கலந்திருக்கிறதாம்.

கூட்டைக் கிண்டிய கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டேன். "ஏட்டி, செம்பு தண்ணிக்கு நல்லதுதான?"

"நமக்கு நல்லதும்மா. கிருமிக்கு எமன். நீ கொஞ்சம் சும்மா இரு."

அடுப்பை அணைத்தேன். எங்கள் குடும்பத்தில் ஒருத்தர் முன்னால் நின்று தப்பு என்று ஒத்துக்கொண்டவர்கள் குறைவு. எங்கள் ஐயா செய்து நான் பார்த்ததில்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, குடம் ஏழு கடல் தாண்டி இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னத் திரைக்குள் இசக்கி கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. மேசைக்குப் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றேன்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் துணியில வடிகட்டிச் செப்புக்குடத்துல ஊத்தி வச்சேன். திரும்பப் பாட்டில்ல ஊத்துனதும் நான்தான்."

பேராசிரியை மெதுவாக, "தண்ணி ரொம்பத் தெளிவா இருந்துச்சு. பாசி அடியில தங்கிட்டுன்னு நினைச்சோம்" என்றார். இசக்கி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சி, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கும் ஒரு தம்ளர் மொண்டு வச்சிருப்பியளே" என்றார். செண்பகம் எல்லாவற்றையும் ஊட்டாவுக்குச் சொன்னாள். ஊட்டா என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். எங்கள் லேபில் கிருமி கொல்கிற மருந்தைவிட உங்கள் குடம் நன்றாக வேலை செய்திருக்கிறது என்றாளாம். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து ஊட்டாவும் போன பிறகு செண்பகம் மேசையிலேயே இருந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருக்கலாம்.

"நம்ம தண்ணியில அது கிடைச்சிருந்தா, மூணு வருஷம் அந்தக் காலேஜ்லயே எனக்கு வேலைம்மா. ஊட்டாதான் எழுதிக் கேட்டு ஏற்பாடு செஞ்சா. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள்கூடச் சொல்லி வச்சிருந்தேன். கண்டுபுடிச்சுக் காட்ட இந்த வருஷத்துக்கு நாள் முடிஞ்சிபோச்சு."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"கிடைக்காமப் போனா நீ தாங்க மாட்டன்னுதான்."

தென்காசி, வீடு என்று அவர்கள் பேசியது இதைத்தான். நான் உள்ளே வந்ததும் நிறுத்தியதும் இதற்காகத்தான். என்னை ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய ஒன்றை என் கையாலேயே வடிகட்டிக் கொன்றிருக்கிறேன். அன்றைக்குக் கூட்டு ஆறிப்போயிற்று. இருவரும் ஆறினதையே சாப்பிட்டோம். அடுத்த வருஷம் திரும்ப எழுதிக் கேட்கலாம் என்றாள். கிடைக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் இசக்கி வீடியோவில் கூப்பிட்டார். அவரை வேலையில் வைத்துக்கொண்டார்கள். நிரந்தரம் இன்னும் இல்லை. பேராசிரியை சொல்லி அவரே போய் அதே இடுக்கில் தண்ணீர் எடுத்து, லேபில் வளர்த்திருக்கிறார்கள். செண்பகம் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆச்சி, காட்டுதேன் பாருங்க" என்று போனை மைக்ராஸ்கோப்பின் கண்ணில் வைத்தார். வட்டமாக ஒரு வெளிச்சம். அதற்குள் என்னென்னவோ ஓடின. ஓரத்தில் கதிர் மாதிரி ஒன்று ஓடாமல் நின்றது.

"இது குற்றாலத் தண்ணிதானா, இல்ல வேற எங்கயும் புடிச்சதா?"

"உங்க சந்தேகம் உங்களை விட்டுப் போகாது ஆச்சி. நான்தான் இறங்கி எடுத்தேன், வழுக்கி விழுந்த காயம் இருக்கு, காட்டவா?"

"ஏட்டி, இதுக்கு அந்த உத்திரம் இருக்கா?" என்று மகளிடம் கேட்டேன்.

"இதுல தெரியாதும்மா. அதுக்கு இன்னும் நாளாகும். இது அந்தக் கிருமிதானான்னே இனிமேதான் பார்க்கணும்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெளியே இங்கே பனி விழுந்துகொண்டிருந்தது. கதிரின் ஒரு முனையில் முடி மாதிரி ஒரு வால். வால் நுனி எதிலோ ஒட்டியிருக்க, உடம்பு மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. எதில் ஒட்டியிருக்கிறது என்று தெரியவில்லை. அது வட்டத்துக்கு வெளியே இருந்தது.

"இசக்கி, போனைக் கொஞ்சம் நகட்டு. எதுல புடிச்சிக்கிட்டு நிக்குன்னு பார்க்கணும்."

"நகட்டுனா இவ கண்ணை விட்டுப் போயிருவா ஆச்சி" என்றார்.

நகட்ட வேண்டாம் என்றேன்.