அவருக்கு மிஞ்சிய மரப்பெயர்கள்

பக்கவாதம் வந்த பதினோராம் நாள் என் கணவர் வாய் திறந்து முதன்முதலாகச் சொன்ன வார்த்தை, "போ." தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வார்டில், கட்டில் ஓரமாக நான் கஞ்சி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் பார்த்துத்தான் சொன்னார். இரண்டாம் தடவை கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டம்ளரை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்று அழுதேன்.

பதினாலு வருஷம் அவர் பாலித்தீவில் இருந்தார். விவசாய டிப்ளமோ படித்தவர். முதலில் சிங்கப்பூரில் ஒரு தோட்டக் கம்பெனி, பிறகு அவர்கள் மூலமாகப் பாலியில் ஒரு பெரிய ஓட்டலின் தோட்டத்துக்கு மேற்பார்வையாளர். வருஷத்துக்கு ஒரு மாதம் வீட்டுக்கு வருவார். நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. திருவையாற்றுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையோரம் எங்கள் வீடு. கொஞ்சம் நஞ்சை இருந்தது, அதைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். பையனைத் தனியாக வளர்த்து ஆளாக்கினேன். இப்போது அவன் சென்னையில் இருக்கிறான். போன வருஷம் இவர் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திரும்பி வந்தார். இனியாவது சேர்ந்து இருக்கலாம் என்று நினைத்தேன். ஏழு மாதம் இருந்தோம். பெரும்பாலும் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னோடு அதிகம் பேசியதில்லை. அலுப்பு என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் தமிழ் வரவில்லை. வலது கையும் வரவில்லை. பியூ, ஞூ, கெடாங் என்று ஏதேதோ சொல்வார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அதைக் கவனித்துக் கேட்டுவிட்டு, "இது உளறல் இல்லைங்க டீச்சர். வேற ஏதோ பாஷை மாதிரி இருக்கு. எழுதி வைங்க" என்றாள். அதிகம் புழங்கிய சொற்கள் சிலருக்கு இப்படி முன்னால் வந்து நிற்கும் என்றும் சொன்னாள்.

பழைய ரெக்கார்ட் நோட்டு ஒன்றில் எழுத ஆரம்பித்தேன். இவரோடு அதே ஓட்டலில் சமையல் வேலை பார்த்த கும்பகோணத்துக்காரர் ஒருவருடைய நம்பர் இவர் போனில் இருந்தது. இவர் குரலைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. பாலிக்காரர்கள் பாஷையாம். பியூ என்றால் வாழை. ஞூ, தென்னை. கெடாங், பப்பாளி. செலாகி, புளி. இந்தாரான், வேம்பு. போ என்றால் மாங்காய், மாம்பழம்.

அது மாம்பழக் காலம். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில்காரர் வீட்டில் அன்று நறுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். என் தோளுக்குப் பின்னால் அந்தத் தட்டைத்தான் பார்த்திருக்கிறார். பதிலைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சிரிப்புகூட வந்தது.

ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் பதில் இல்லை. லூ. மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் அதிகம் சொன்னார், காலையில் கண் விழித்ததும் முதலில் அதுதான். மறுபடி கேட்டேன். "அது மட்டும் தெரியலை டீச்சர்" என்று சமையல்காரர் எழுதினார்.

முப்பது வருஷம் செடிகளுக்கு லத்தீன் பெயர் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு செடி என்னிடமிருந்து தப்பிவிடுமா என்று ஒரு வீம்பு. தஞ்சாவூர் உழவர் சந்தையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வந்தேன். கொய்யா, நாவல், சீத்தா, விளாம்பழம், பலாச்சுளை, கீரைக்கட்டுகள். ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்து, "லூவா?" என்பேன். தலையை ஆட்டிவிட்டு, அதற்கு அங்கே என்ன பெயரோ அதைச் சொல்வார். கொய்யாவுக்குச் சோத்தோங் என்றார். பலாவுக்கு நாங்கா என்றார். நான் எழுதிக்கொள்வேன். கொல்லையில் கைப்பிடித்து நடத்திப் போவேன். ஒவ்வொரு மரத்திடமும் நின்று பெயர் சொல்வார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து நடந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் மரத்திலிருந்து வெட்டிப் போட்ட தென்னங்குருத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடது கையாலும் பல்லாலும் மடித்துக்கொண்டிருந்தார். "புசுங்" என்றார், இளங்குருத்துக்கு அங்கே அதுதான் பெயராம். குருத்தோலை ஞாயிறன்று எங்கள் சபையில் ஓலையில் சிலுவை செய்வோம். அதைச் செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் சிறிதாக, சதுரமாக ஒரு தட்டுதான் வந்தது. பாலியில் பெண்கள் தினமும் பூவும் சோறும் வைத்துச் சாமிக்குப் படைக்க இப்படி ஓலைத்தட்டு செய்வார்கள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தோட்ட மேற்பார்வையாளருக்கு அது எதற்கு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆவணியில் அந்தச் சமையல்காரர் லீவில் ஊருக்கு வந்தவர், இவரைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரைக் கண்டதும் இவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "லூ? லூ?" என்று கேட்டார். சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். காபி கொடுத்து, அவரைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனேன்.

"அது என்ன செடிங்க?" என்று கேட்டேன்.

"செடி இல்லை டீச்சர். அங்க பொம்பளப் பிள்ளைய அப்படித்தான் கூப்பிடுவாங்க."

அவரே மீதியைச் சொன்னார். ஓட்டல் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெண். அவளோடு இவர் பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். பிள்ளைக்கு ஒன்பது வயது. விசா முடிந்து, புதுப்பிக்க வழியில்லாமல்தான் ஊர் திரும்பினாராம். என்னோடு சேர்ந்து இருப்பதற்காக அல்ல.

"உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?"

"அங்க எல்லாருக்கும் தெரியும் டீச்சர்."

அவர் போன பிறகு இவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "லூ உங்க பொண்ணா?" என்றேன். தமிழ் கேட்டால் அவருக்குப் புரியும், பேசத்தான் வராது. கண் நிரம்பியது. பயம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கடைசியில் ஒருவழியாக எனக்குப் புரிந்துவிட்டது என்ற ஆறுதல்தான் அந்த முகத்தில் இருந்தது. அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சண்டை போடலாம் என்றால், பதில் சொல்ல அவரிடம் இருந்ததெல்லாம் வாழையும் தென்னையும் புளியும்தான்.

பையனிடம் போனில் சொன்னேன். யார், எவர் என்று எதுவும் கேட்காமல், "இப்ப என்னம்மா பண்றது? பாத்துக்கங்க" என்றான். அவனுக்கு முன்பே தெரியுமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சமையல்காரர் தயங்கித் தயங்கி ஒரு செய்தி அனுப்பினார். பிள்ளை அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறதாம், ஒரே ஒரு வீடியோ அழைப்புக்கு அனுமதிப்பீர்களா என்று கேட்டிருந்தார். முடியாது என்று எழுதினேன். பிறகு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து, நானே அந்த நம்பரை வாங்கி அழைத்தேன். ஏன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஒற்றைக் கையால் போனை நெடுநேரம் பிடிக்க அவரால் முடியாது. நான்தான் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

பிள்ளை இரட்டைச் சடை போட்டிருந்தது. நெற்றி அப்படியே இவருடையது. முதலில் அழுதது. பிறகு உள்ளே ஓடிப் போய் ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து காட்டியது. "பியூ" என்றார். ஒரு எலுமிச்சை, ஒரு மூங்கில் துண்டு, ஒரு கொத்து வேப்பிலை. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார், ஒன்றுகூடத் தவறவில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் அது பழைய விளையாட்டு என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர்கள் பேசியதில் பாதிக்கு மேல் எனக்குப் புரிந்தது. அவ்வளவு படித்திருந்தேன்.

முடிக்கப் போகும்போதுதான் அந்தப் பிள்ளை என்னைக் கவனித்தது. பள்ளிக்கூட ஆங்கிலத்தில், "நீங்கதான் அப்பாவைப் பாத்துக்கற நர்ஸா?" என்று கேட்டது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றேன்.

குழந்தை மேல் இரக்கப்பட்டு அப்படிச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து மனைவி என்று சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழைப்பு வருகிறது. நல்ல முன்னேற்றம் என்று பேச்சுப் பயிற்சிப் பெண் சந்தோஷப்படுகிறாள். நாற்பது வார்த்தைக்கு மேல் ஆகிவிட்டது, நோட்டில் எல்லாவற்றையும் என் கையெழுத்தில்தான் எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீர் வேண்டும், வெளியே போக வேண்டும் என்றால் என்னைக் கூப்பிட அவருக்கு வார்த்தை இல்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். நான் போகிறேன்.