லிங்க்கோடு ஒட்டிய ‘ல’

“இன்னாம்மா, நீ அனுப்புன லிங்க்கு தொறக்கவே மாட்டேங்குது. நெல்லு களத்துல கீது, மானம் இருட்டிக்கினு வருது!”

காவாந்தண்டலத்திலிருந்து செல்வி அக்கா போனில் கத்தினார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், காதர் பாயின் கம்ப்யூட்டர் சென்டரில் நான் புரோகிராமர். விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவிப்பிலிருந்து லிங்க்கை மட்டும் பிரித்து, எல்லாருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராமை எழுதியது நான்தான். அன்று போனது நெல் கொள்முதல் நிலையத்துக்கு டோக்கன் போடும் லிங்க். டோக்கன் இல்லாமல் அங்கே மூட்டையை இறக்க முடியாது.

“டவர் இருக்காதுக்கா. போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க” என்று வைத்துவிட்டேன். இத்தனை வருட அனுபவத்தின் திமிர்.

அரை மணி நேரத்தில் இன்னும் ஆறு பேர் கூப்பிட்டார்கள். “பேஜாரா போச்சும்மா. எல்லார் போனுமா ஒரே நேரத்துல கெட்டுப்போவும்?” என்று பாய் கேட்ட பிறகுதான், அனுப்பிய எஸ்எம்எஸ்ஸைத் திறந்து பார்த்தேன். லிங்க்கின் வாலில் ஒரு ‘ல’.

குழுவில் வந்த அறிவிப்பு இப்படி முடிந்தது: “…/token-ல பதிவு பண்ணுங்க.” லிங்க்கைத் தேடிப் பிடிக்கும் என் ரெஜெக்ஸ் (தேடல் விதி) https?://\S+ என்பது. அதாவது, ஸ்பேஸ் வரும்வரை எல்லாவற்றையும் அள்ளு. நான் டெஸ்ட் செய்த வாக்கியங்கள் எல்லாம் ஆங்கிலம்; அதில் லிங்க்குக்குப் பின் ஸ்பேஸ் இருக்கும். நம் ஆட்கள் ‘உத்திரமேரூர்ல’ என்பதுபோல லிங்க்கிலும் ‘ல’ ஒட்டுவார்கள். நானும் அப்படித்தான் எழுதுவேன். அது எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

வெப் முகவரியில் வரும் ஆங்கில எழுத்து, எண், குறிகளை மட்டும் எடுக்கும்படி மாற்றினேன். ‘ல’ போனது, ஹைபன் மிஞ்சியது. கடைசியில் நிற்கும் ஹைபன், புள்ளி, கமாவையும் வெட்டினேன்.

சரியான லிங்க் போய்ச் சேர்ந்தபோது அன்றைய டோக்கன் தீர்ந்திருந்தது. செல்வி அக்காவுக்கு மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. லிங்க் கெட்ட அன்று மாலையே மழை. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்து, ஓரத்து நெல் முளைவிட்டது.

“ஸ்பேஸ் வுட்டு எழுதுங்கன்னு குரூப்புல சொல்லிடலாமா?” என்றார் பாய்.

“வேணாம் பாய். அவங்க எழுதுனது சரி. என் புரோகிராம்தான் தப்பு.”

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். செல்வி அக்கா நெல்லைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “தப்பு யாருக்கும் வரும்மா. ஆனா நீ சொன்னியேன்னு மூணு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கினு இருந்தேன் பாரு.”

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். லிங்க் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான் கேட்டிருந்தால், கடைசியில் ஒரு ‘ல’ இருக்கிறது என்று செல்வி அக்காவே சொல்லியிருப்பார்.