போயிட்டு வாரேன்

வாயில் நான்கு திருகாணிகளைக் கவ்வியபடி காளிதாஸ் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார். காரைக்குடியில் யார் வீட்டில் அலமாரி மாட்டினாலும் இது இலவசம். "கண்டனூர்ல ஒரு வீடு. வாசல் ஒரு தெரு, கொல்லை இன்னொரு தெரு. அடுப்படியில இருந்து ஆச்சி இட்லி கொண்டு வந்தாக. முகப்புக்கு வந்து சேர்றதுக்குள்ள ஊசிப்போச்சு." ஏணியைப் பிடித்திருந்த வீட்டுக்காரர் சிரித்ததில் ஏணியே ஆடியது.

சனிக்கிழமை மாலைகளில் மட்டும் அவர் ஸ்டாண்ட்-அப் கலைஞர். கண்டனூரில் ஹோட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில், தங்க வரும் வெள்ளைக்காரர்களைத் தம் சொந்த ஆங்கிலத்தில் சிரிக்கவைக்க வேண்டும். அங்கேயும் அதே இட்லியைத்தான் பரிமாறினார். முன்வரிசை அம்மையார் ஒருவர் கண்கலங்கி, "அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையா?" என்று விசாரித்தார்.

மேனேஜர் மீனாட்சிசுந்தரம் மறுநாளே சொல்லிவிட்டார். "அண்ணே, அடுத்த வாரமும் ஒருத்தரும் சிரிக்கலைன்னா நாதஸ்வரம் வச்சுக்கிறோம். கோவிச்சுக்காதீக."

காளிதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு மணி நேர மைக்குக்காகத்தான் அவர் மீதி வாரத்தையே ஓட்டுகிறார். "மெதுவாச் சொல்லுங்க, புரியும்," என்று தேற்றினார் மனைவி சொர்ணவல்லி. அடுத்த சனிக்கிழமை மெதுவாகச் சொன்னார். இட்லி ஊசிப்போக அதிக நேரம் பிடித்ததே தவிர, இன்னும் ஊர் திரும்பாத அந்த அம்மையார் உட்படப் பன்னிரண்டு பேரில் ஒருவர் பல்கூடத் தெரியவில்லை.

'போறேன்' என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லையே. கைகூப்பி, "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வண்டியருகே கால் மணி நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற பிறகுதான், ஹெல்மெட் மேடையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பினார். பன்னிரண்டு பேரும் காலி மைக்கைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் யாரையும் பாராமல் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் "ஐ வில் கோ அண்ட் கம்" என்றார். கூடமே அதிர்ந்தது. ஃபிரிட்ஜ் அம்மையார் நாற்காலியிலிருந்து சரிந்தே போனார்.

"எதுக்குய்யா சிரிக்கிறாக?" காளிதாஸ் மிரண்டுபோய்க் கேட்டார்.

"வாரேன்னு சொன்னீகல்ல. நம்பிக் காத்துக்கிட்டு இருந்தாகண்ணே," என்றார் மேனேஜர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இட்லியை விட்டுவிட்டு இதற்குப் போய்ச் சிரித்தார்களே என்ற வருத்தம் காளிதாஸுக்கு இன்னும் ஆறவில்லை. "சொல்லிட்டுத்தானே போனேன், இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று வாரம் முழுவதும் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வந்தது. தம் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டார். சொர்ணவல்லியின் ரோஸ் நிற ஹெல்மெட்டையும் எடுத்து முழங்கையில் கோத்துக்கொண்டார். "மேடையில ஒரு ஹெல்மெட்டை மறந்துட்டு வந்தாப் போதாதா?" என்றார் சொர்ணவல்லி.