திராட்சைப் பந்தல் கம்பி

முசரவாக்கத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன புதிதில்தான் எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வந்தது. ஏற்றத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மோட்டார் வைத்தார்கள். தண்ணீர் தாராளமாக வரவும் என் வீட்டுக்காரருக்குத் திராட்சை ஆசை பிடித்துக்கொண்டது. கல்கால் நட்டு, தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டார். "நெல்லு போடற நெலத்துல கம்பி நட்டுக்கினு இருக்கான்" என்று ஊரில் சிரித்தார்கள்.

கவாத்து வெட்டிவிட்ட பிறகு புதிதாகத் துளிர்த்து நீளும் கொடிகளைக் கம்பியோடு கட்டுவது எனக்கும் என் ஓரகத்திக்கும் வேலை. வாழைநாரை நனைத்து, தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கினால் இளந்தண்டு நைந்துவிடும். அவள் நல்ல உயரம். தரையில் நின்றபடியே கம்பியை எட்டிப் பிடிப்பாள். எனக்கு மர முக்காலி வேண்டும்.

அன்று காலையில் இரண்டு பேரும் ஒரே கம்பியில் கட்டிக்கொண்டு வந்தோம். நான் முக்காலி மேல்; அவள் பாத்தி ஈரத்தில், வெறுங்காலோடு. தன் அம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்த புடவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்ததும் மோட்டார் கொட்டகையிலிருந்து என் வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அவள் பேச்சு கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்னாக்கா சொன்னே?" என்று திரும்பினேன்.

வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை. கம்பியைப் பிடித்த கை முறுக்கிக்கொண்டு, உடம்பு முழுக்க நடுங்கியது. கண் என்னைத்தான் பார்த்தது.

என் கையில் அப்போது நார் மட்டும்தான் இருந்தது. கம்பியைத் தொட்டபடி தரையில் கால் வைத்திருந்தால் நானும் போயிருப்பேன். இது பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளைத் தொடக்கூடாது என்பதுதான். குதித்தேன். "மோட்டாரை நிறுத்துங்க" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சொல்லிவர நேரமில்லை. முக்காலியைத் தூக்கி, கீழிருந்து அவள் முழங்கையில் ஓங்கி அடித்தேன். கை விடவில்லை. மறுபடியும் அடித்தேன். அடியற்ற மரம்போலச் சேற்றில் விழுந்தாள்.

அவள் மார்பில் கை வைக்கவே பயந்தேன். இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துவிடுமே என்ற பயம். பிறகுதான் அவள் இருமினாள்.

"கையை ஒடைச்சிட்டியாடி" என்றாள்.

நான் அழுதேன். அவள் உள்ளங்கை வெந்துபோயிருந்தது. கொட்டகைக்குப் போகும் ஒயரின் தோல் உரிந்து பந்தல் கம்பியில் உரசியிருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். புண் ஆறியதும் அவள் பந்தலுக்கு வந்துவிட்டாள். என்னால்தான் முடியவில்லை. ஒயரை வேறு பக்கம் மாற்றியாகிவிட்டது என்று எத்தனை முறை சொன்னாலும், கம்பிக்குக் கீழே போனதும் திரும்பி வந்துவிடுவேன். கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு வழி செய்தார். கொடி கட்டும் நாளில், கரண்ட் வரும் பெட்டியிலிருந்து பீஸ் கட்டைகளைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிடுவார்.

"இது உங்கிட்ட இருக்கிற வரைக்கும் கரண்ட் வராது. வச்சிக்க."

அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறுவேன். இடுப்பில் கனம் தெரியும். அப்படியும், புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் அந்தக் கம்பியை நான் பிடித்ததே இல்லை.