மதியக் காட்சிக்குத் தூங்க வந்தவர்

இரண்டாயிரங்களில் திருப்பூரில் ஒரு தியேட்டருக்கு நான் மேனேஜராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவார்கள். வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்த பனியன் கம்பெனிக்காரர்கள். ஊருக்குள் மண்ணரை ஏரியாவில் ஒரே அறையில் நாலைந்து பேர் ஷிப்ட் மாற்றி மாற்றிப் படுப்பார்கள். அவர்களுக்கு எங்கள் தியேட்டரில் இருட்டும் ஏ.சி.யும் கிடைத்தன. இன்றைக்கு மல்டிபிளெக்ஸில் வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சேர்ந்த புதிதில் எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் பெருமாநல்லூரில் நிட்டிங் யூனிட்டும் உண்டு.

"தூங்குனா தூங்கட்டுங்க மேனேஜர். டிக்கெட் எடுத்துட்டுத்தானுங்க தூங்கறாங்க" என்றார்.

அதன்பிறகு தூங்குகிறவர்களை நான் எழுப்புவதில்லை. ஒரே ஒருவரை மட்டும் எழுப்பப் போனேன்.

குறட்டைப் புகார்

அந்த வாரம் ஒரு நகைச்சுவைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் யாரோ விட்டுப்போன டிரங்குப் பெட்டியை உரியவரிடம் சேர்க்க ஒரு கண்டக்டர் ஊர் ஊராக அலைகிற கதை. பால்கனியில் ஒருவர் விட்ட குறட்டையில் வசனம் கேட்கவில்லை என்று நாலு பேர் என்னிடம் வந்தார்கள். போய்ப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, அப்படி ஒரு தூக்கம். தோளைத் தொடப் போனேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி என் கையைத் தடுத்தார்.

"எழுப்பாதீங்க சார். கும்பிட்டுக் கேக்கேன். இவிய இப்பிடித் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

நான் கையை எடுத்துக்கொண்டேன். புகார் சொன்னவர்களுக்கு முன்வரிசையில் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, படம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் விசாரித்தேன்.

அவர் பெயர் செல்வமேரி. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். இங்கே ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலை. கணவர் அந்தோணி அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சில மாதங்களுக்கு முன் கட்டிங் மெஷினில் துணி நழுவி, அவர் இடது கை விரல்கள் இரண்டில் வெட்டு விழுந்துவிட்டது. தையல் போட்டு விரல்கள் பிழைத்தன. தூக்கம்தான் போய்விட்டது.

"கண்ண மூடுனா பிளேடு வருதுங்காவ சார். அசந்து அஞ்சு நிமிசம் தூங்குனாலும் கைய ஒதறிக்கிட்டு எந்திச்சிருதாவ. தூக்கமில்லாத ஆள மெஷின்கிட்ட விட முடியாதுன்னு கம்பெனில சொல்லிட்டாங்க. அவங்க சொல்லுததும் நியாயந்தான. டாக்டர் மாத்திரை குடுத்தாரு. அதப் போட்டா பகலெல்லாம் பித்துப் புடிச்ச மாதிரி இருக்காவ. இப்பிடியே போனா ஊருக்குத்தான் திரும்பணும். பிள்ளைங்க இங்க பள்ளிக்கூடத்துல படிக்கு."

அந்தோணி பக்கத்தில் நின்று கூச்சத்தோடு சிரித்தார். முகத்தில் தூங்கி எழுந்த வீக்கம் இருந்தது.

"தூங்கும்போது கனவு வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு சார். அந்தக் கண்டக்டரு பஸ்ஸ எங்க ஊர்க் கோயிலு முன்னால நிப்பாட்டுதாரு. நான் ஏறிக்கிடுதேன். சன்னலோரமா இடம்."

பிளேடு வரவில்லையாம். அதைச் சொல்லும்போது அவருக்கே நம்ப முடியவில்லை என்று தெரிந்தது.

பெட்டி போகும் நாள்

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அன்றும் அந்தோணி நன்றாகத் தூங்கினார். அதற்குள் பால்கனியின் கடைசி மூலையில் அவர்களுக்கு இரண்டு சீட் ஒதுக்கியிருந்தேன், குறட்டை யாரையும் தொந்தரவு செய்யாத இடம். கிளம்பும்போது செல்வமேரி, "இந்தப் படம் இன்னும் எத்தன நாளைக்கு சார்?" என்றார்.

வியாழக்கிழமையோடு முடிகிறது. ஃபிலிம் பெட்டி மறுநாள் தாராபுரம் தியேட்டருக்குப் போகவேண்டும். அதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

படத்தை இன்னும் ஒரு வாரம் ஓட்ட முடியுமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவரும் என் எதிரிலேயே கோயமுத்தூர் விநியோகஸ்தருக்கு ஃபோன் போட்டுப் பேசினார். ரிசீவரை வைத்துவிட்டு, "தாராபுரத்துல போஸ்டர் ஒட்டிட்டாங்களாமா. வேணும்னா வி.சி.டி. வாங்கிக் குடுங்க மேனேஜர். நாம வேற என்ன பண்றதுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை செல்வமேரி வேலை முடிந்து தியேட்டருக்கு வந்தபோது அதைச் சொன்னேன்.

"அதையும் பாத்தாச்சு சார். பக்கத்து வீட்டு டிவில போட்டு உக்கார வச்சேன். முழிச்சிக்கிட்டு முழுப் படத்தையும் பாத்தாவ. நான் சோறு வடிச்சிக்கிட்டுக் கெடந்தேன், எட்டி எட்டிப் பாத்தேன், கண்ணு சொருகவே இல்ல."

எனக்கு ஏதோ உறுத்தியது. "இங்க அவருகூட உக்காந்திருக்கறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? படத்துல சந்தையில அருவாச் சண்டை வருதுல்லா, அதுல கண்ண மூடிக்கிடுவாவ. என்னட்டி நடக்குன்னு கேப்பாவ. நான் காதுல சொல்லுவேன். சண்டை முடிஞ்ச பொறவும் தொறக்க மாட்டாவ. சரின்னு நான் சொல்லிக்கிட்டே…"

பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊட்டுலயும் சொல்லிப் பாருங்கம்மா" என்றேன்.

"படம் இல்லாமலா? எனக்குக் கத சொல்லத் தெரியாதே சார்."

"இன்னொருக்கா வந்து நல்லாப் பாத்துக்குங்க."

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுத் தனியாக வந்தார். அவ்வளவு கவனமாகப் படம் பார்த்த ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவர் சிரிக்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. படம் விட்டதும் நேரே ஆபரேட்டர் அறைக்கு ஏறிப்போய், இடைவேளைக்குப் பின் பஸ் எந்தெந்த ஊரில் நிற்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு

ஞாயிற்றுக்கிழமை புதுப் படம். மூலையில் அந்த இரண்டு சீட்டும் காலியாகக் கிடந்தன. என்ன ஆயிற்றோ என்று எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் செல்வமேரி மட்டும் வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"வரணும்னுதான் கெளம்புனோம் சார். சாப்பிட்டுட்டுச் சும்மா கொஞ்சம் சொல்லுன்னாவ. சந்தைக்கே வரல, அதுக்குள்ள தூங்கிட்டாவ. இன்னும் எந்திரிக்கல."

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. சில நாள் பிளேடு திரும்ப வந்ததாம். அப்போது செல்வமேரி கண்டக்டரை முதல் ஊரிலிருந்து மறுபடி கிளப்புவாராம். கதை அலுத்துப்போனதும் அவரே புது ஊர்களைச் சேர்த்தார். பல்லடத்தில் பஸ் பஞ்சராகிறது, பெட்டிக்குள்ளிருந்து கோழி கத்துகிறது என்றெல்லாம் படத்திலேயே இல்லாத சீன்கள் வந்தன. செக்கிங் டேபிளில் கூட வேலை பார்த்த பெண்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தூக்கம் வந்த பின் கம்பெனி அந்தோணியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முதலில், வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக விரிக்கிற வேலை. பிறகு அவரே கேட்டுக் கட்டிங் மெஷினுக்குப் போனார். முதல் நாள் மெஷினைத் தொடவே வெகுநேரம் எடுத்ததாகவும், பின்னால் நின்ற சூப்பர்வைசர் அவசரப்படுத்தாமல் காத்திருந்ததாகவும் சொன்னார்.

தியேட்டர் தொழிலில் ஒரு படம் பிடித்துவிட்டதா என்பதைக் கைதட்டலை வைத்தும் விசிலை வைத்தும் கணிப்போம். நானும் அப்படித்தான் கணித்தேன். ஒரு மனிதருக்கு ஒரு படம் என்ன செய்கிறது என்பது தியேட்டருக்குள்ளேயே தெரிந்துவிடாது என்று கற்றுக்கொடுத்தவர்கள் இந்தத் தம்பதிதான்.

அந்த வருடம் தீபாவளிக்கு வந்த பெரிய படத்துக்கு இருவரும் பிள்ளைகளோடு வந்தார்கள். அந்தோணி கடைசி வரை கொட்டாவிகூட விடாமல் பார்த்தார். வெளியே வரும்போது, படம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பரவால்ல சார்" என்றார். பிள்ளைகளோடு முன்னால் போய்விட்ட மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, என் பக்கம் குனிந்து சொன்னார்: "வீட்டுக்குப் போயி அவ சொன்னா இன்னும் நல்லாருக்கும்."