மூச்சடக்கத் தெரிந்தவர்

என் கணவருக்குக் கிணறு என்றால் உயிர். எனக்கோ எங்கள் நிலத்துக் கிணற்றை நினைத்தாலே பயம். திருவாலங்காட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருக்கிறது. இவர் ராணுவத்தில் கண்ணிவெடிக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு திருத்தணியில் எங்கள் தெருவில் ஒரு பட்டாசு வெடித்தால் போதும், செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் நிலத்துக்குக் கிளம்பிவிடுவார். அங்கே கிணற்று மேட்டில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். கரும்பு பக்கம் தலையைக்கூடத் திருப்பமாட்டார்.

கிருத்திகைக்குக் கிருத்திகை எங்கள் ஊரில் கூட்டம், மேளம், வெடி. அன்றெல்லாம் நான் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டே பக்கத்து நிலத்துக்காரருக்குப் போன் போடுவேன். "உக்காந்துகினுதான் கீறாரும்மா" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அடுத்த முட்டையை எடுப்பேன். என்றாவது ஒருநாள் அவர் வேறு பதில் சொல்லிவிடுவாரோ என்பதுதான் என் பயம். அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சத்தம் கேட்டால் இவர் முதலில் செய்வது மூச்சை நிறுத்துவது. தோள் மேலே ஏறும், மார்பு அசையாது. சின்ன வயதிலிருந்தே இவர் அதில் கெட்டிக்காரர். யார் கிணற்றில் குடம் விழுந்தாலும், தண்ணீருக்குள் இருக்கிற எந்த மோட்டார்க் குழாயின் புட்வால்வில் சேறு அடைத்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். மேலே நிற்கிறவர்கள் பயந்துபோகிற அளவுக்கு உள்ளேயே இருந்துவிட்டு வருவாராம். கல்யாணமான புதிதில் இதைக் கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன வருஷம், இவரோடு ராணுவத்தில் இருந்த ஒருவர் வேலூரிலிருந்து வீட்டுக்கு வந்தார். அவருக்கும் ஒரு கை சரியில்லை. புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுத்தரும் இடம் ஒன்று இருக்கிறதாம். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகலாமாம். காயம்பட்ட முன்னாள் ராணுவத்துக்காரர்களுக்கு ஆகும் செலவை யார் யாரோ ஏற்றுக்கொள்கிறார்களாம். போய்வந்த பிறகு தனக்கு நல்ல தூக்கம் வருகிறது என்றார்.

"ஓசியா? மலைமேல அன்னதானத்துக்கே நான் வரிசைல நின்னதில்ல" என்றார் இவர்.

"ஓசின்னு நெனைக்காதண்ணே. யாரோ ஒரு அம்மா பொறந்த நாளுக்குச் செலவு பண்றத நமக்குன்னு குடுத்துருக்கு. நீ போகலன்னா அது சும்மா கெடக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கிணற்றிடமிருந்து இந்த மனுஷனைக் காப்பாற்ற நான் படாத பாடு படுகிறேன், இந்த வேலூர்க்காரர் கடலில் இறக்கக் கூப்பிடுகிறார்! காபி டம்ளரை டங்கென்று வைத்தேன். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

"தண்ணிக்குள்ள சத்தம் கேக்குமா?" என்று கேட்டார் இவர்.

"நம்ம மூச்சு மட்டுந்தாண்ணே கேக்கும்."

அதற்குப் பிறகு நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சரி என்று சொன்னதும் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதல் நாள் நீச்சல் குளத்தில் பயிற்சி. செயற்கைக் காலைக் கழற்றச் சொன்னால் முறுக்கிக்கொள்வாரோ என்று பயந்தேன். கழற்றி, "புடிமே" என்று என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். பயிற்சியாளர் கடற்கரைக் குப்பத்துக்காரர், பொறுமைசாலி. "ஒண்ணே ஒண்ணுதான் சார். மூச்ச மட்டும் அடக்கவே கூடாது. அடக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும். இழுத்துகிட்டு விட்டுகிட்டு இருங்க" என்றார்.

இவருக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான்! முதுகில் சிலிண்டர் நிறையக் காற்று இருக்கிறது, வாயில் குழாய் இருக்கிறது, உள்ளே போன மனுஷன் பழைய பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். மூச்சு விட்டால் மேலே குமிழி வரும். வரவில்லை. பயிற்சியாளர் மேலே கூட்டிவந்து சொன்னால், "வுட்டுகினுதானே கீறேன்" என்றார். தான் அடக்குவதே இவருக்குத் தெரியவில்லை. மறுபடி மறுபடி அதே கதை. "இப்படி இருந்தா கடலுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது சார்" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

அப்பாடா, ஊரைப் பார்க்கப் போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்புறம் இவர் முகத்தைப் பார்த்தேன். குளத்தின் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்று மேட்டில் வைத்திருக்கும் அதே முகம். இந்த முகத்தோடு திரும்பக் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. கோபம்தான் வந்தது.

"மூச்சு வுடக்கூடவா ஒரு மனுசனுக்குத் தெரியாது? மலைப்படி ஏறும்போது மூச்சு வாங்கினா இன்னா செய்வீங்க? அரோகரான்னு கத்துவீங்க இல்ல? உள்ள போயும் அப்படியே கத்தித் தொலைங்க!"

குளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பயிற்சியாளர் மட்டும், "அம்மா சொல்றது சரிதான் சார். சத்தம் குடுத்தா மூச்சு தானா வெளிய வந்துடும்" என்றார்.

இறங்கினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குபுகுபுவென்று குமிழிகள் வந்தன. நின்றன. மறுபடி வந்தன. மேலே வந்ததும், உள்ளே அரோகரா கேட்ட பயிற்சியாளருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் கடல். படகில் ஏறியதிலிருந்து எனக்கு வாந்தி. அவர் கழற்றிக் கொடுத்த காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் பயிற்சியாளரும் முதுகுப்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். அப்புறம் எனக்கு மிஞ்சியது குமிழிகள்தான். அவை நகர்ந்த பக்கமெல்லாம் என் கண்ணும் நகர்ந்தது. ஒரு தடவை காணாமல் போய்விட்டன. காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அலை மறைக்குதும்மா" என்றார் படகுக்காரர். மறுபடி வந்தன.

மேலே வந்து கண்ணாடியைக் கழற்றியதும், "கீழ ஒண்ணுமே கனக்கலமே" என்றார்.

ஊருக்கு வந்த பிறகு எல்லாம் ஒரேயடியாக மாறிவிடவில்லை. கால் வலி இருக்கிறது. நிலத்துக்கும் போகிறார். நானும் போன் போடுவதை நிறுத்தவில்லை.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு எனக்கு விடுமுறை. அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். காவடிக் கூட்டம் ஒன்று எங்கள் வாசலில் நின்று சரவெடி கொளுத்தியது. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. தோள் ஏறியது. என் கண் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவிக்குப் போனது.

அரோகரா என்று அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நீளமாக மூச்சு வெளியே வந்தது. அடுத்த சரம் வெடித்தது. மறுபடி உதடு அசைந்தது, மறுபடி மூச்சு. பிறகு ஒரு வாய் சோறு எடுத்துப் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாமே, நீ மூச்ச புடிச்சிகினு கீற? வுடு."

விட்டேன். இத்தனை வருஷமாகப் பிடித்து வைத்திருந்தது, அழுகையாகத்தான் வந்தது.