சம்பங்கி கேட்ட நடு ரீல்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் சினிமாக் கொட்டகையில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பவள் சம்பங்கி. புருஷன் சுரங்கத்தில் செத்த பிறகு, யார் தயவும் வேண்டாமென்று அவளே தேடிக்கொண்ட வேலை. அவள் வாய்க்குப் பயந்து ஓசியில் நுழைய ஒருத்தியும் துணிய மாட்டாள். அப்படிப்பட்டவளைத்தான் பேத்தமங்களாவில் ஒரு கிழவனுக்கு இரண்டாந்தாரமாகத் தள்ளிவிடப் பார்த்தான் அண்ணன் தங்கவேலு. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்களாம். அவளுக்கோ அங்கே படம் ஓட்டும் ஆபரேட்டர் பர்னபாஸ் மேல் கொள்ளை ஆசை. அவனுக்கும் அப்படியே. ஆனால் இது ஈ காக்கைக்குத் தெரியாது. ஊரறிய மற்ற பெண்களைப் போல அவளும் அவனை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். நாக்கு கூசும்; என்ன செய்ய?

சனிக்கிழமை மேட்னிக்கு ஒரு படம் வந்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பிடித்தவனோடு வாழப் புறப்பட்ட ஒருத்தியை வீட்டு மனிதர்கள் வாசலில் மறிக்கிறார்கள். அதற்குள் ஆண்கள் பக்கம் விசில். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்களுக்குப் பொறுமை ஏது? விசில் கேட்டால் நடு ரீல்களைத் தாண்டிக் கடைசி ரீலை ஓட்டிவிடுவது அந்தக் கொட்டகை வழக்கம். பர்னபாஸும் தாண்டினான். திரையில் அவள் பஸ்ஸில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடப்பாவி! மறித்தவர்களிடம் அவள் என்ன சொன்னாள்? எப்படி வெளியே வந்தாள்? நாளை விடிந்தால் ஞாயிறு. சம்பங்கிக்கு அந்தப் பதில் தெரிந்தே ஆகவேண்டும். பெண்கள் பக்கத்து பெஞ்சின் மேல் ஏறினாள்.

"பர்னபாஸ்! நடு ரீலைப் போடு!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. "அண்ணே" எங்கே போயிற்று? தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆண்கள் நடுவே, தங்கவேலு எழுந்து நின்றான்.

நடு ரீல் ஓடியது. "எனக்குப் பிடிச்சிருக்கு, வழியை விடுங்க," என்றாள் படத்துப் பெண். விட்டார்கள். அட, இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று சம்பங்கிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

படம் விட்டதும் தங்கவேலு கையை ஓங்கிக்கொண்டு வந்தான். "இன்னாடி இது, அவன பேர் சொல்லிக் கூப்புட்றே?"

"கட்டிக்கப் போறவன அண்ணேன்னா கூப்புடுவாங்க? எனக்குப் புடிச்சிருக்கு. நாளைக்கு அவங்கள வர வேணாம்னு சொல்லிடுண்ணா."

"ஊரே சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும். டிக்கெட்டு வாங்கினு உள்ள வந்து சிரிக்கட்டும்."

பெண்கள் கூட்டம் குபீரென்று சிரித்தது. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தங்கவேலுவுக்குத் தெரியவில்லை. அதற்குள் பர்னபாஸ் ஆபரேட்டர் ரூமிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து அவன் எதிரில் நின்றான். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"வாங்க மச்சான், டீ சாப்பிடலாம்."